கொடுப்பதும் தொழில்தான்

அருவாள் அடிப்பவனுக்குப் பாவம் உண்டா? ஆலங்குடிப் பக்கம் ரோட்டோரத்தில் பட்டறை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. நான் அடித்த அருவாள் கருவை வெட்டுகிறது, தேங்காய் வெட்டுகிறது, கோயிலில் கிடாய் வெட்டுகிறது. அதோடு நிற்கும் என்று எந்தக் கொல்லனாலும் சத்தியம் செய்ய முடியாது. வெட்டுக்குத்துச் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் வெட்டியவன் பேர் இருக்கும், வெட்டுப்பட்டவர் பேர் இருக்கும். அந்த இரும்பைக் காய்ச்சி அடித்தவன் பேர் இருக்காது. அவனுக்கும் அதில் கணக்கு உண்டா என்பதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன்.

என்னிடம் இதை நேராகக் கேட்டது, வேலை கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஜப்பான்காரர்கள் கத்தி அடிக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு, அந்த மாதிரி சமையல் கத்தி செய்து ஆன்லைனில் விற்க வேண்டும் என்று வந்தான். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு அடுத்த ஆள் இல்லை. வெளியிலிருந்து ஒருவன் தானாக வந்து சம்மட்டி பிடிக்கிறேன் என்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு வெட்டருவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டான். "ஐயா, இதை வச்சு நாளைக்கு ஒருத்தன் ஒருத்தனை வெட்டிட்டா, அதுல நமக்குப் பங்கு இருக்கா?"

"நம்ம வேலை இரும்போட முடிஞ்சுது தம்பி" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்லும் பதில் அதுதான். அது போதாது என்பது என் எண்ணம். ஏன் போதாது என்று சொல்ல, முதலில் வேலையைச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு எங்கள் பக்கம் வெட்டருவாளுக்கு இரும்பு என்றால் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டைதான். சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்த இரும்பு, கரிச்சத்து அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், தோய்ச்சல் நன்றாக ஏறும். சீமைக்கருவேலங்கரியில் காய்ச்சி, வெட்டுளி வைத்து அளவுக்குத் துண்டு போட்டு, அடைகல்லில் வைத்து அடிக்க வேண்டும். குறட்டைப் பிடித்திருப்பவன் சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவான். எதிரில் நிற்பவன் அந்த இடத்தில் சம்மட்டியைப் போடுவான். வாயை மெல்லிசாக அடிக்க அடிக்க வாய்ப்பக்கம் நீண்டு, பட்டை முதுகுப் பக்கமாக வளையப் பார்க்கும். அருவாளுக்கு வேண்டியதோ வாய்ப்பக்க வளைவு. ஆகவே முதலிலேயே வேண்டியதற்கும் கூடுதலாக உள்வாங்கி வளைத்து வைத்துக்கொண்டு, அடியில் அது நிமிர்ந்து வந்து சரியான வளைவில் நிற்கும்படி பார்க்க வேண்டும். புதிதாகக் கற்க வருகிறவன் திண்டாடுவது இந்த இடத்தில்தான்.

இத்தனையும் உடம்பு வேலை. உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. வெயில் வெளிச்சத்தில் காய்ந்த இரும்பின் நிறம் தெரியாது, கண்ணை ஏமாற்றும். அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில், கொட்டகையின் இருட்டு மூலையில்தான் தோய்ச்சல் போடுவோம். 727 டிகிரிக்கு மேல் எஃகின் உள்கட்டு மாறுகிறது, 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகிறது என்று பையன் கணக்குச் சொன்னான். என் அப்பாவுக்குக் கணக்கு தெரியாது, நிறம் தெரியும். அந்தச் சிவப்பு வந்ததும் எடுத்து, வாயை மட்டும் இரண்டு விரல்கடை தண்ணீரில் வைக்க வேண்டும். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் சட்டென்று தேய்த்தால் இரும்பு பளிச்சிடும். அந்தப் பளபளப்பின்மேல் மிச்சச் சூடு முதுகிலிருந்து வாய்க்கு இறங்கி வருவது நிறமாகத் தெரியும். முதலில் வைக்கோல் மஞ்சள், பின்னால் காவி, அதன் பின்னால் ஊதா, நீலம். வாயில் மஞ்சள் காவியாகத் திரும்பும் நொடியில் முழுசாகத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். முந்திப் போட்டால் வாய் கணுவில் பட்டுச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பிந்திப் போட்டால் மடங்கும். நாலைந்து மூச்சு விடும் நேரத்துக்குள் முடிகிற காரியம் இது. இதைக் கற்கத்தான் வருஷங்கள் போகின்றன.

இவ்வளவு நேரம் வேலைக்குள் இருந்தோம். இதில் எந்த இடத்தில் நல்லது, எந்த இடத்தில் கெட்டது? கருவேல மரத்தின் வைரத்தில் இறங்கும் தோய்ச்சலும் ஓர் ஆளின் தோளில் இறங்கும் தோய்ச்சலும் ஒன்றுதான். விறகுக்கு மட்டும் கூராக இருந்து மனுசனுக்கு மழுங்கும் வாயை எந்த உலையிலும் போட முடியாது. வேலையின் சுத்தத்துக்கும் பயனின் சுத்தத்துக்கும் நடுவில் இரும்புக்குள்ளே கயிறு எதுவும் கிடையாது. நன்றாகச் செய்கிறேன், அதனால் நல்லதே செய்கிறேன் என்று எந்தக் கைவினைக்காரனும் எண்ணக் கூடாது. நேர்த்தி ஒரு தர்மம். அது எல்லா தர்மத்துக்கும் ஈடாகாது.

ஜப்பானில் இதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொன்னதும் பையன்தான். மாசமுனே, முராமாசா என்று இரண்டு பெரிய வாள் ஆசாரிகள். இருவர் வாளையும் ஓடும் நீரில் வாய் எதிர்முகமாக நட்டு வைத்தார்களாம். முராமாசாவின் வாள் மிதந்து வந்த இலையையெல்லாம் இரண்டாக வெட்டியது. மாசமுனேயின் வாளை இலைகள் தாமாகவே ஒதுங்கிக் கடந்தன. பார்த்த துறவி, வேண்டாததை வெட்டாத வாளே உயர்ந்தது என்று தீர்ப்பு சொன்னார். உண்மையில் அவர்கள் சந்தித்திருக்க முடியாது. மாசமுனே 1300-ஐ ஒட்டி வாழ்ந்தவர், முராமாசா அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டு பிந்தியவர். கதையாக எடுத்துக்கொண்டாலும் அது என் கண்ணுக்கு ஒரு ஆசையைத்தான் காட்டுகிறது. ஆசாரியின் மனசு நல்லதாக இருந்தால் அது இரும்புக்குள் போய், இரும்பே நல்லது கெட்டது பார்த்துக்கொள்ளும் என்கிற ஆசை. இரும்பு பார்த்துக்கொள்ளாது. எந்த நாட்டு வாளும் தனக்கு எதிரே வருவது இலையா ஆளா என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவன் மனுசன்.

அந்த நாட்டு ஆசாரிகளிடம் நான் மனசாரக் கும்பிடும் விஷயங்கள் வேறு. அவர்களும் தோய்ச்சலுக்குப் பட்டறையை இருட்டாக்குகிறார்கள். வாளுக்குக் களிமண் பூசுகிறார்கள், வாயில் மெல்லிசாக, முதுகில் தடிமனாக. வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெல்லக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். நாங்கள் மிச்சச் சூட்டை வைத்துச் செய்வதை அவர்கள் மண்ணை வைத்துச் செய்கிறார்கள். நவம்பர் 8-ஆம் தேதி துருத்திக்கு என்று ஒரு திருவிழா எடுத்து, அன்றைக்கு உலை மூட்டாமல் படையல் வைக்கிறார்கள். ஆயுத பூஜையன்று சம்மட்டிக்கும் குறட்டுக்கும் சந்தனம் வைத்து உலையை ஆறவிடும் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. உலைக்கு முன்னால் கர்வம் கூடாது என்பதை இரண்டு ஊரும் தனித்தனியாகக் கண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் பூஜையும் நேர்த்தியைப் போலத்தான். அது என்னை உலைக்கு முன்னால் சுத்தமாக நிறுத்துகிறது. பட்டறை வாசலில் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை.

அதைத் தேடினால், எங்கள் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. சித்தன்னவாசல். ஓவியம் பார்க்க வருகிறவர்களில் பலர் மேலே ஏழடிப்பட்டத்துக்குப் போவதில்லை. மலையின் கிழக்குச் சரிவில், பாறையில் வெட்டிய ஏழு படிக் குழிகளில் கால் வைத்து இறங்கிப் போனால் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. மொத்தம் 17. தலையணைக்கு என்று ஒரு பக்கம் லேசாக மேடு விட்டு, உடம்பு உறுத்தாதபடி வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். ஒரு படுக்கையின் பக்கத்தில் தமிழி எழுத்து இருக்கிறது. 2,000 ஆண்டுப் பழமை. யாருக்காகச் செய்த இருக்கை என்பதோடு, யார் செய்து கொடுத்தார்கள் என்பதையும் அது சொல்கிறது.

எறும்பை மிதிக்க அஞ்சியவர்கள் படுத்த படுக்கை அது. உலையையும் கரியையும் வைத்துப் பிழைக்கும் பிழைப்பை இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களில் ஒன்றாகச் சமண உரையாசிரியர்கள் சேர்த்தார்கள். அந்தக் கணக்கில் நான் காலையில் உலை மூட்டும்போதே குற்றவாளி. ஆனால் அந்தப் படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். கருங்கல்லை நகம் வெட்டாது. உளி வெட்டியது. உளி முனை அரை நாளைக்கு ஒருதரம் மழுங்கும். மழுங்கிய உளியைக் காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் போட்டுக் கொடுக்க மலையடிவாரத்தில் ஒரு கொல்லன் இருந்தே ஆக வேண்டும். அவன் உலை எரியாமல் அந்த அகிம்சைக்குப் படுக்கை கிடையாது. துறவிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரும்பைத் தொட்டாலே பாவம் என்ற பதில் யாராலும் முழுசாக வாழ முடியாத பதில் என்பதைத்தான் அந்தக் கல் எனக்குச் சொல்கிறது.

அதே சமணர்கள்தான் இன்னொரு இடத்தில் என் கேள்விக்கு வெகு அருகில் வந்தார்கள். சமந்தபத்திரர் வடமொழியில் இல்லறத்தாருக்காக எழுதிய ரத்னகரண்டக சிராவகாசாரம் என்று ஒரு நூல் உண்டு. அதைத் தழுவித் தமிழில் வந்தது அருங்கலச்செப்பு. வீணாகத் தீங்கு தேடிக்கொள்ளும் செயல்கள் என்று சமந்தபத்திரர் சொல்பவற்றில் ஒன்று, கொலைக்கு ஏதுவான பொருளை அடுத்தவருக்குக் கொடுப்பது. கோடாரி, வாள், நெருப்பு, விலங்கு என்று போகும் அந்த வரிசையில் மண்வெட்டியும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாளையும் மண்வெட்டியையும் ஒரே வரிசையில் வைத்தவருக்கு, பொருளை வைத்துப் பாவத்தைப் பிரிக்க முடியாது என்பது தெரிந்திருக்கிறது. அதனால் அவர் விரலைப் பொருளின்மேல் வைக்கவில்லை, கொடுக்கும் செயலின்மேல் வைத்தார். புத்தரும் இல்லறத்தார் செய்யக்கூடாது என்று விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகத்தை முதலில் வைத்தார். அங்கேயும் கேள்வி நிற்கும் இடம் கை மாறும் இடம்தான்.

நம் புறநானூறு வேறு மாதிரி பேசுகிறது. பொன்முடியார் பாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை சொல்லப்படுகிறது. பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு என்று வரும் வரிசையில் வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு. அந்தப் பாட்டில் எங்கள் தொழிலுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த வேல் யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதைக் கொல்லன் முடிவு செய்யவில்லை. அவனுக்கு அடுத்தபடியாக, நல்லொழுக்கம் தருவதை வேந்தனின் கடமையாகப் பாட்டு வைத்திருக்கிறது. ஒழுக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்த ஊரில் கொல்லன் கண்ணை மூடிக்கொண்டு வடித்துக் கொடுக்கலாம். என் பட்டறைக்கும் வாங்க வருகிறவனுக்கும் நடுவில் வேந்தன் நிற்கவில்லை. நான்தான் நிற்கிறேன்.

அப்படி நின்ற ஒரு மாலை. முன்பின் தெரியாத ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். வெட்டருவாள் வேண்டும் என்றார், நீளம் கூடுதலாக. என்ன வெட்ட என்று கேட்டேன். "எதை வெட்டுனா உங்களுக்கு என்ன ஆசாரியாரே, காசு தர்றேன்ல" என்றார். மரம் என்றால் கனம் எவ்வளவு வேண்டும் என்பார்கள், பிடி எப்படி வேண்டும் என்பார்கள். தென்னைக்கு ஒரு வளைவு, முள்ளுக்கு ஒரு வளைவு. இவருக்கு நீளத்தைத் தவிர எதுவும் வேண்டியிருக்கவில்லை. சட்டைக்குள் முதுகில் செருகினால் வெளியே தெரியுமா என்பதைக் கையால் அளந்து பார்த்தார். "இல்லைங்க, உங்களுக்கு என்கிட்ட அருவாள் இல்லை" என்றேன். சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பையன் அப்போதும் பக்கத்தில் இருந்தான். "நீங்க குடுக்கலைன்னா வேற எங்கயாச்சும் வாங்கிக்குவார்ல ஐயா, அப்புறம் என்ன பிரயோஜனம்?" என்றான். இந்தக் கேள்விதான் இருப்பதிலேயே கனமானது. திருப்பாச்சேத்தி என்ற பேரே அருவாளுக்கு அடைமொழியாகி நிற்கிற நாட்டில் ஒரு பட்டறை மறுத்தால் உலகத்தில் ஓர் அருவாள் குறையாது. நான் யோசித்து வந்து நின்ற இடம் இது. உலகத்தில் எத்தனை அருவாள் இருக்கிறது என்பது என் கணக்கு அல்ல. என் கையிலிருந்து தெரிந்தே போனது எத்தனை என்பதுதான் என் கணக்கு. இன்னொருவன் பொய் சொல்வான் என்பதற்காக நான் சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொல்ல முடியாது. பலனை வைத்து மட்டும் அறத்தை அளந்தால், தனி ஆள் செய்கிற எந்த நல்லதும் வீண் என்றுதான் முடியும். அப்படி முடிகிற அளவுகோலில் கோணல் இருக்கிறது.

சட்டமும் இதே வாசலில்தான் வந்து நிற்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக் கருவிகளை ஆயுதக் கணக்கில் வைக்கின்றன. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்ததை விலக்கிவிடுகின்றன. அங்குலத்தில் தொடங்கிய சட்டம், எதற்காகச் செய்தாய் என்ற கேள்வியில் வந்து முடிகிறது. 2021 செப்டம்பரில் கொலைகள் பெருகியபோது, அருவாள் செய்து விற்கும் பட்டறைகள் வாங்குகிறவரின் பேர், முகவரி எழுதி வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல்துறை சொன்னது. எங்கள் ஆட்கள் பலருக்கு அது மனவருத்தம். திருடனைப் போலப் பார்க்கிறார்களே என்றார்கள். வருத்தம் நியாயமானது. எழுதி வைப்பதும் நியாயமானது. ஜப்பானில் 1876-ல் வாள் ஏந்தித் திரிவதையே தடை செய்தார்கள். இன்றைக்கு அங்கே வாள் அடிக்க உரிமம் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற ஆசாரியிடம் குறைந்தது ஐந்து வருஷம் தொழில் பழக வேண்டும். மாதத்துக்கு இத்தனை வாள்தான் என்று வரம்பு உண்டு, ஒவ்வொரு வாளுக்கும் பதிவு உண்டு. அதனால் அந்தக் கலை சாகவில்லை, அதன் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. ஆனால் நோட்டுப் புத்தகம் நடந்த பிறகு ஆளைத் தேடத்தான் உதவும். நடக்கும் முன்னால் ஆள் முகத்தைப் பார்ப்பவன் ஆசாரி மட்டும்தான்.

இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கம் இருக்கும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் பாவமும் என் தலையில் என்று எடுத்துக்கொண்டால் ஒருவனும் உளி கூட அடிக்க முடியாது. களை பறிக்க வாங்கிப்போன அருவாளை வரப்புத் தகராறில் ஒருவர் ஓங்கிவிட்டால் அந்தக் கணக்கு எனக்கு வருமா? இங்கே எனக்குத் துணை நிற்பது புத்தரின் கடைசி நாட்களில் நடந்த ஒன்று. அவருக்குக் கடைசி உணவு படைத்த சுந்தன், ஒரு கொல்லன் வீட்டுப் பிள்ளை. அந்த உணவுக்குப் பிறகு அவர் உடம்பு மோசமானது. தன் கையால் போட்ட சோறு குருவின் சாவுக்குக் காரணமாயிற்றே என்று அவன் நொந்துவிடக் கூடாது என்று புத்தர் ஆனந்தரிடம் சொல்லி அனுப்பினார். ஞானம் பெறும் முன் தனக்குக் கிடைத்த உணவுக்குச் சமமான புண்ணியம் இதற்கும் உண்டு என்றார். ஆயுத வணிகம் கூடாது என்று சொன்னவர், அறியாமல் நேர்ந்ததற்குக் கொல்லனைக் குற்றத்திலிருந்து விடுவித்தும் போனார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லை தெளிவாகிறது. விளைந்தது எல்லாம் என்னுடையது அல்ல. தெரிந்து கொடுத்தது என்னுடையது. தெரிந்துகொள்ள முடிந்திருந்தும் கேட்காமல் கொடுத்ததும் என்னுடையதுதான். இதில் மூன்றாவதுதான் எங்கள் தொழிலில் ரொம்ப நாளாகக் கணக்கில் வராமல் கிடக்கிறது. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

கேட்பது எங்கள் மண்ணுக்குப் புதிது அல்ல என்பதற்குக் கருப்பர் சாட்சி. இந்த மாவட்டத்தில் கண்மாய்க்கரை தோறும் ஐயனார், ஐயனாருக்குக் காவலாகக் கருப்பர். குளமங்கலத்தில் ஐயனாருக்கு முன்னால் நிற்கும் குதிரை 33 அடி உயரம். கருப்பருக்கு நேர்ந்துகொண்டு அருவாள் செய்யச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அந்த அருவாள்கள் சன்னதியில் ஒன்றன்பின் ஒன்றாக நட்டு நிற்கும். அவற்றை யாரும் பிடுங்கி வேலைக்கு எடுத்துப் போவதில்லை. களவு போனவரும், ஏமாந்தவரும், பழி சுமந்தவரும் வந்து அவற்றுக்கு முன்னால் நின்று முறையிடுகிறார்கள், சத்தியம் செய்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்ய ஆள் கை நடுங்குகிறது. தண்டிக்கும் இரும்பை மனுசன் கையில் விட்டால் ஆத்திரத்தில் இறங்கிவிடும் என்று தெரிந்த ஊர், அதை விசாரித்துத் தீர்க்கிற ஒரு தெய்வத்தின் கையில் ஒப்படைத்திருக்கிறது. நான் கருப்பரை அப்படித்தான் கும்பிடுகிறேன். வெட்டுகிறவராக அல்ல, விசாரிக்கிறவராக. மீசையை முறுக்கிக்கொண்டு அருவாளோடு போட்டோ எடுத்துப் போடும் பிள்ளைகள் இந்தக் கோயில்களில் பார்க்கத் தவறுவது இதைத்தான். சாதிப் பெருமைக்காக ஓங்கும் அருவாளுக்கும் கருப்பர் கையில் இருக்கும் அருவாளுக்கும் எந்த உறவும் இல்லை.

இரும்பு இந்த மண்ணுக்கு மிகப் பழசு. பொற்பனைக்கோட்டையில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சிவகளையில் கிடைத்த சான்றுகளை வைத்துத் தமிழ்நாட்டு இரும்பின் வயதை 5,300 ஆண்டுக்கும் மேல் என்று 2025 ஜனவரியில் தொல்லியல் துறை அறிவித்தது. பையன் அந்தச் செய்தியைப் பெருமையாகக் காட்டினான், எனக்கும் பெருமைதான். அத்தனை காலமும் நம்மிடம் இரும்பு இருந்தது என்றால், அத்தனை காலமும் அதைக் கேட்டு வந்து நின்ற கைகளும் இருந்தன. பெருமைப்படுகிறவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். "பங்கு உண்டு தம்பி, ஆனா எல்லாத்துலயும் இல்லை. கேட்டுக் குடு. கேட்டது மனசுக்கு ஒப்பலைன்னா குடுக்காதே. கேட்டு, நம்பிக் குடுத்த பிறகு நடந்ததுக்கு அழு, ஆனா உன்னையே வெட்டிக்காதே." அவன் இப்போது காய்கறிக் கத்திகள் செய்கிறான், தோய்ச்சல் நன்றாகக் கை வந்திருக்கிறது. ஆன்லைனில் விற்கும்போது முகம் தெரியாதே, எப்படிக் கேட்பது என்று திரும்ப வந்து கேட்டான். சமையல் கத்திக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் நீளக் கத்தி என்று எவர் கேட்டாலும் போனில் பேசாமல் அனுப்பாதே என்றேன். வியாபாரம் கொஞ்சம் குறையும் என்றான். குறையட்டும் என்றேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

சம்மட்டி பிடிப்பது, வளைவு பார்ப்பது, தோய்ச்சல் போடுவது, சாணை பிடிப்பது என்று எங்கள் தொழிலைப் பாடம் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். கொடுப்பதை யாரும் பாடமாகச் சொல்வதில்லை, வேலை முடிந்த பிறகு வரும் சில்லறைக் காரியம் என்று விட்டுவிட்டோம். அதுவும் தொழில்தான். மற்ற பாடங்களில் தவறினால் அருவாள் கெடும், இதில் தவறினால் ஒரு குடும்பம் கெடும். இனிமேல் என்னிடம் கற்க வருகிற எவருக்கும் இதையும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வேலை தெரிந்தவன் என்று வெளியே அனுப்புவேன்.